ஏஎம்சியா, ஃபிட்டரா, ஆப்பரேட்டரா: அம்பத்தூர் பட்டறை ஒன்றுக்குப் போட்ட கணக்கு

என் மச்சான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கிறான். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் சிஎன்சி லேத் 6, விஎம்சி என்கிற செங்குத்து மில்லிங் மிஷின் 2, பவர் பிரஸ் 2, பின்பக்க ஷெட்டில் ஒரு ஸ்க்ரூ கம்ப்ரஸர். கார் கம்பெனிக்கு சப்ளை செய்கிறவருக்கு சப்ளை செய்கிறவருக்கு இவன் சப்ளை. வரிசையில் கடைசி ஆள், திட்டு வாங்குவதில் முதல் ஆள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கவர் நிறையக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டான்.

கவரில் நாலு சமாசாரம் இருந்தது. மிஷின் விற்ற டீலர் கொடுத்த ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான கொட்டேஷன். பெரிய கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு மெயின்டனன்ஸ் ஃபிட்டரின் பயோடேட்டா. மோட்டார் மேல் ஒட்டிவிட்டால் அதிர்வை அளந்து மொபைலுக்கு மெசேஜ் அனுப்பும் சென்சார்களின் வழவழப்பான நோட்டீஸ். நாலாவது, கஸ்டமர் ஆடிட்டில் எழுதிக் கொடுத்த குறிப்பு: ஆப்பரேட்டர்களே தங்கள் மிஷினைப் பராமரிக்கும் முறையைத் தொடங்குங்கள், அடுத்த ஆடிட்டில் அதற்கான ஆதாரத்தைக் காட்டுங்கள்.

"மாமா, நீங்க இருபத்தஞ்சு வருஷம் மெயின்டனன்ஸ்லயே இருந்தவரு. இதுல எதுன்னு சொல்லுங்க. ஆப்பரேட்டர் வழின்னா காசே செலவில்ல, அதனால அதையே பிடிச்சிக்கலாம்னு பாக்கறேன்."

அந்தக் கடைசி வரி எனக்குச் சுருக்கென்றது. காசே செலவில்லை என்று நினைத்து இந்த வழியில் இறங்கி, ஆறு மாதத்தில் வெறும் செக் ஷீட்டும் எண்ணெய்க் கறையுமாக முடிந்த பட்டறைகளை நிறையவே பார்த்திருக்கிறேன். "கொட்டேஷன் எல்லாம் இருக்கட்டும், பிரேக்டவுன் ரிஜிஸ்டரைக் காட்டு" என்றேன். மறுநாள் திங்கட்கிழமை பட்டறைக்கே போனேன்.

ரிஜிஸ்டர் என்று சொல்ல முடியாது. ஒரு லாங் சைஸ் நோட்டு, அதில் சூப்பர்வைசர் கிறுக்கியது. "3ஆம் நம்பர் லேத், டரட் அலாரம், சர்வீஸ் வந்து சரி செய்தார்." டரட் என்பது லேத்தில் டூல்களைப் பிடித்துச் சுழற்றி மாற்றுகிற தலை. அலாரம் ஏன் வந்தது, என்ன சரி செய்தார் என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வரியையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, அந்தந்த ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு விசாரித்து, டீ வைக்கிற மேசையில் குவியல் குவியலாகப் பிரித்தோம். அழுக்கு, மிஷின் செதுக்கித் தள்ளுகிற உலோகச் சிப்ஸ், எண்ணெய் குறைவு, தண்ணீர், லூசான போல்ட் ஒரு குவியல். பெல்ட், சீல், பேரிங் என்று வயதாகித் தேய்ந்தவை இன்னொன்று. டிரைவ், கார்டு, என்கோடர் மாதிரி சொல்லாமல் கொள்ளாமல் போன எலக்ட்ரானிக்ஸ் மூன்றாவது. டூலின் அளவைச் சொல்லும் ஆஃப்செட் எண்ணைத் தவறாகப் போட்டு டூலை முட்டவைத்தவை நாலாவது. அந்தக் குவியல் வளர வளர சூப்பர்வைசரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது.

பிரித்து முடித்தபோது மற்ற மூன்றையும் சேர்த்தாலும் முதல் குவியல்தான் உயரம். அந்த டரட் அலாரம் சீட்டும் அதில்தான் இருந்தது. நடந்தது இதுதான்: டரட்டுக்குள் இருக்கிற, இரும்பு பக்கத்தில் வந்தால் உணர்கிற பிராக்ஸிமிட்டி சென்சாரின் முகத்தில் நகத்தின் பாதி அளவுக்கு ஒரு இரும்புச் சிப்ஸ் ஒட்டிக்கொண்டுவிட்டது. டரட் பூட்டியும் பூட்டவில்லை என்று மிஷின் அடம்பிடிக்கிறது. டீலர் ஆள் வர இரண்டு நாள். வந்தார், கவரைக் கழற்றினார், பனியன் வேஸ்ட்டால் ஒரு துடை துடைத்தார், விசிட் சார்ஜ் பில்லை நீட்டினார். கவரின் சீல் கிழிந்திருந்ததை ஆப்பரேட்டர் அதற்கு முந்தின வாரமே பார்த்திருக்கிறார். "சொன்னேன் சார். 'லோடு போகட்டும், அப்புறம் பாக்கலாம்'னு சொல்லிட்டாங்க."

இனி ஒவ்வொரு வழியாக எடுத்துக்கொள்வோம்.

ஒன்றுமே செய்யாமல், ஓடும்வரை ஓடட்டும் என்று விடுவதும் ஒரு வழிதான். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். சின்னக் கூலன்ட் பம்ப், மிஷின் லைட், கூலிங் ஃபேன் இவற்றுக்கெல்லாம் அலமாரியில் ஒரு ஸ்பேர் இருந்தால் போதும். போனால் மாற்று, அவ்வளவுதான். மச்சானிடம் அந்த அலமாரி இருந்தது, உள்ளே இருந்தது பழைய டெலிவரி சலான் கட்டுகள்.

ஏஎம்சிக்கு வருவோம். சிஎன்சி கன்ட்ரோலர், மோட்டாரை இயக்கும் சர்வோ டிரைவ், சுழலும் முக்கியத் தண்டான ஸ்பிண்டில் இந்த மூன்றிலும் சின்னப் பட்டறைக்காரர்கள் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. பேராமீட்டர் ஒன்றைத் தெரியாமல் மாற்றிவிட்டு அலைந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் மூன்றாவது குவியலுக்கு ஏஎம்சி சரியான மருந்து. ஆனால் கொட்டேஷனைக் கவனமாகப் படிக்க வேண்டும். உதிரிபாகம் சேர்த்தா, சேர்க்காமலா? எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று எழுத்தில் இருக்கிறதா, "கூடிய விரைவில்" என்று மட்டும் இருக்கிறதா? வருடத்துக்கு நாலு விசிட் என்றால், அந்த நாலு நாளும் மிஷினை நிறுத்திக் கொடுக்க இவன் தயாரா? மச்சானிடம் வந்த கொட்டேஷனில் பதிலளிக்கும் நேரம் என்ற வரியே இல்லை. முதல் குவியலுக்கோ ஏஎம்சியால் பைசா பிரயோஜனம் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிற ஆள், தினமும் விழுகிற சிப்ஸை என்ன செய்வார்?

ஊரே ஒரே நாளில் மாட்டிக்கொள்ளும்போது ஏஎம்சி என்ன ஆகும் என்பதையும் அம்பத்தூர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். இரண்டாவது முறை பேட்டைக்குள் தண்ணீர் பல நாள் நின்றது. வடிந்த பிறகு எல்லாப் பட்டறைக்காரர்களும் தேடியது அதே சர்வீஸ் ஆட்களை, அதே மோட்டார் ரீவைண்டிங் கடைகளை. அந்த மாதிரி நாளில் மெயினை அணைப்பது, மேலே தூக்கக் கூடிய மோட்டாரைக் கழற்றித் தூக்குவது, காய்ந்த பிறகு, மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்க்காமல் சுவிட்சைப் போடாமல் இருப்பது, இதையெல்லாம் செய்யப்போவது உள்ளே நிற்கிற ஆட்கள்தான்.

அடுத்தது ஃபிட்டர். ஒரு நல்ல ஃபிட்டர் வீட்டு டாக்டர் மாதிரி. அவர் போடுகிற அட்டவணை, மாதாமாதம் இது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அது என்பது, இரண்டாவது குவியலுக்கு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அட்டவணைப்படி பாகத்தை மாற்றினால் பிரேக்டவுன் ஒழிந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். 1978இல் அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸில் இருந்த நோலன், ஹீப் என்ற இரண்டு பொறியாளர்கள் விமானப் பாகங்கள் பழுதாகும் விதத்தை ஆராய்ந்து வெளியிட்டார்கள். வயது ஏற ஏறப் பழுதாகும் வாய்ப்பு கூடுகிற வகை 11 சதவீதம்தான். 68 சதவீதம் நேர்மாறு, புதிதாக மாட்டிய கொஞ்ச காலத்தில்தான் தகராறு அதிகம். விமானமும் லேத்தும் ஒன்றில்லை. நம் பெல்ட்டும், ஸ்லைடைத் துடைக்கும் வைப்பரும் தேயத்தான் தேயும். ஆனாலும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதைத் தேதி வந்துவிட்டது என்று பிரித்து, திரும்பப் பூட்டும்போது ஒரு போல்ட்டை இறுக்க மறந்துவிட்டு வந்த அனுபவம் மெயின்டனன்ஸில் இருந்த எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. விவரம் கேட்காதீர்கள்.

ஃபிட்டருக்கு இன்னொரு சங்கடம், அவர் ஒரே ஆள். பத்து மிஷின், இரண்டு ஷிஃப்ட். அவர் பார்க்காத நேரம்தான் அதிகம். தவிர, ஃபிட்டர் வந்துவிட்டால் ஆப்பரேட்டர்கள் கையைக் கழுவிவிடுவார்கள். "எண்ணெய் ஊத்தறது மெயின்டனன்ஸ் வேலை." இந்த வாக்கியத்தை நான் எத்தனை வருடம் கேட்டிருப்பேன்!

சென்சாரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பேரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்லும், உண்மை. நின்றால் பட்டறையே நிற்கும் மிஷின் ஒன்று இருந்தால் அதற்குப் போடலாம். இங்கே அது கம்ப்ரஸர் மட்டும்தான். மற்றபடி சிப்ஸ் ஒட்டுவதற்கு அதிர்வு கிடையாது, கூலன்ட் நாறுவதை மொபைல் சொல்லாது. அதோடு மெசேஜ் வந்த பிறகு போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்பதுதானே நம் பிரச்சினையே.

ஆப்பரேட்டர் வழி: அது எங்கிருந்து வந்தது, என்ன விலை

ஜப்பானில் இதற்கு ஜிஷு ஹோசென் என்று பெயர். தன் மிஷினைத் தானே பேணுவது. டிபிஎம் (டோட்டல் புரொடக்டிவ் மெயின்டனன்ஸ்) என்று நம் ஷாப் ஃப்ளோர்களில் புழங்கும் பெரிய திட்டத்தின் ஒரு தூண் இது. டொயோட்டாவுக்கு மின்பாகங்கள் செய்த நிப்பான்டென்சோ, இப்போதைய டென்சோ, 1960களில் ஆட்டோமேஷனில் வேகமாக இறங்கியபோது மிஷின்கள் பெருகின, மெயின்டனன்ஸ் ஆட்கள் பற்றவில்லை. அன்றாடப் பராமரிப்பை ஆப்பரேட்டர்களிடம் கொடுத்து, மெயின்டனன்ஸ் ஆட்களைக் கஷ்டமான வேலைகளுக்கும் மிஷினையே மேம்படுத்துவதற்கும் திருப்பிவிட்டார்கள். 1971இல் அந்தக் கம்பெனிக்கு அதற்காக விருது கிடைத்தது. செய்ச்சி நகஜிமா என்பவர் இதை முறையாக வகுத்து உலகம் முழுக்கக் கொண்டுபோனார். நம் ஊரில் மச்சான் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: அவர்கள் மெயின்டனன்ஸ் பிரிவைக் கலைக்கவில்லை. ஆப்பரேட்டர் எண்ணெய் போட்டால் ஃபிட்டர் சம்பளம் மிச்சம் என்று அங்கே யாரும் கணக்குப் போடவில்லை.

இதெல்லாம் ஜப்பானுக்குத்தான் சரிப்படும் என்று சொல்பவர்களுக்கு, அம்பத்தூரிலிருந்து கூப்பிடு தூரத்தில் பாடி இருக்கிறது. அங்கே இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இலேயே டெமிங் பரிசு வாங்கியது. அது முழுத் தர நிர்வாகத்துக்கான பரிசு, பராமரிப்புக்கு மட்டுமானதில்லை. ஆனால் தொழிலாளர் கையில் பொறுப்பைக் கொடுக்காமல் அந்தப் பரிசின் பக்கமே போக முடியாது.

முறைக்கு ஏழு படி சொல்வார்கள். முதல் படி, மிஷினை அடிவரை துடைப்பது. அழகுக்காக இல்லை. துடைக்கிற கைதான் விரிசலையும் ஆடுகிற போல்ட்டையும் சூட்டையும் கண்டுபிடிக்கும். நமக்கு இது புதிது கிடையாது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லாப் பட்டறையிலும் நடக்கிறது. வருடம் முழுக்கத் தொலைந்திருந்த பதினாலாம் நம்பர் ஸ்பேனர் அன்றுதான் லேத்துக்குப் பின்னாலிருந்து கிடைக்கும். கூலன்ட் பம்ப் பிராக்கெட்டில் விரிசல் விட்டதும் அன்றுதான் கண்ணில் படும். சந்தனம், குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து வீட்டுக்குப் போனால் அடுத்த ஆயுத பூஜை வரை அவ்வளவுதான். பூஜை முடிந்து திறக்கிற முதல் நாள் எலக்ட்ரீஷியனுக்கு ஏன் இவ்வளவு அழைப்பு வருகிறது தெரியுமா? ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார்கள்.

தவறாகச் சுத்தம் செய்வது சுத்தம் செய்யாததைவிட மோசம். ஏர் கன் இன்னொரு வில்லன். ஆப்பரேட்டருக்கு அதில் ஒரு ஆனந்தம், ஒரு அழுத்தில் எல்லாச் சிப்ஸும் பறந்துவிடும். எங்கே பறக்கிறது? பாதி தரைக்கு, மீதி ஸ்லைடுவே வைப்பருக்கு அடியிலும் ஸ்பிண்டில் மூக்குக்குள்ளும். பிரஷ்ஷும் துணியும்தான் சரி. கிரீஸ் கதையும் இதுதான். பேரிங் ஹவுசிங்கில் இருக்கிற காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போதும். அன்போடு நிறைய அடித்தால் பேரிங் சூடாகித்தான் சாகும். ஆப்பரேட்டர் கையில் கிரீஸ் கன் கொடுப்பதற்கு முன் "இந்த நிப்பிளுக்கு இரண்டு அழுத்து, போதும்" என்று அந்த இடத்திலேயே பெயின்ட்டால் எழுத வேண்டும்.

இப்போது விலை. ஒரு மிஷினுக்கு ஒரு ஷிஃப்ட்டில் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பத்து மிஷின், இரண்டு ஷிஃப்ட், ஆக மொத்தம் நாளுக்கு 5 மணி நேரம். மிஷின் மணிக்கு 400 ரூபாய் என்று போட்டால் நாளுக்கு 2,000. மாதம் 26 வேலை நாளுக்கு 52,000 ரூபாய். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டு முடித்ததும் மச்சான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஃபிட்டரே சல்லிசு போலருக்கே மாமா!"

அந்த நேரத்துக்கு மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் இரண்டாவது படி இந்த 15 நிமிடத்தை வெட்டுவதற்குத்தான் இருக்கிறது. அழுக்கு எங்கிருந்து வருகிறதோ அங்கேயே அதை அடைக்க வேண்டும், பார்க்கச் சிரமமான இடத்தைப் பார்க்கச் சுலபமாக்க வேண்டும். லேத்தின் பின்னால் பெல்ட்டுக்குத் தகரக் கவர், ஆறு போல்ட். பெல்ட்டைப் பார்க்க 10 நிமிடம், அதனால் யாரும் பார்ப்பதில்லை. அதே கவரில் ஒரு சதுரம் வெட்டிக் கம்பி வலை வைத்துவிட்டால் நடந்து போகும்போதே பார்த்துவிடலாம். ஹைட்ராலிக் டாங்க் கண்ணாடியில் மேலே பச்சை, கீழே சிவப்பு டேப். போல்ட் தலையிலிருந்து பாடிக்கு ஒரு வெள்ளைக் கோடு. கோடு உடைந்திருந்தால் போல்ட் திரும்பியிருக்கிறது, ஸ்பேனரே வேண்டாம். ஏர் பிரஷர் கேஜில் சரியான அளவுக்குப் பச்சைப் பட்டை. இவ்வளவும் செய்தால் 15 நிமிடம் ஏழாக இறங்கும். அதிலும் பாதி மிஷின் ஓடும்போதே கண்ணால் பார்க்கிற வேலை. அந்த ஏழுக்கு வருவதற்குள் மூன்று நாலு மாதம் முழு விலையையும் கொடுத்தாக வேண்டும். அதைத்தான் ஓனர்கள் கொடுக்க மறுக்கிறார்கள்.

திரும்பி வருவது என்ன என்பதற்குக் கம்ப்ரஸர் ஷெட் ஒன்றே போதும். ஏர் லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று இருந்தால், 6 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 3 கிலோவாட் மின்சாரம் அதன் வழியாக உஸ்ஸென்று போய்க்கொண்டிருக்கும். தினம் 16 மணி, 26 நாள், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் பத்தாயிரம். அந்தச் சத்தம் கேட்கிற காது யாருடையது? டீ இடைவேளையில் எல்லா மிஷினும் நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுடையது.

சென்னைக் காற்றுக்கு இன்னொரு குணம், ஈரம். 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் 100 சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு 100 கன அடி காற்று இழுக்கும் கம்ப்ரஸர் ஒன்று இரண்டு ஷிஃப்ட் முழு லோடில் ஓடினால் காற்றிலிருந்து பிரிகிற தண்ணீர் ஏறக்குறைய 50 லிட்டர். மூன்று நாலு குடம்! டிரெய்ன் வால்வு அடைத்துக்கொண்டால் அவ்வளவும் லைன் வழியாக, வேலைத் துண்டைப் பிடிக்கும் சக்கின் சிலிண்டருக்கும் சோலினாய்ட் வால்வுக்கும் போகும். ஐப்பசி, கார்த்திகையில் நியூமேட்டிக் பழுது ஏன் வரிசை கட்டி வருகிறது என்று மச்சான் நோட்டைப் புரட்டிப் பார்த்து ஆச்சரியப்பட்டான். ஷிஃப்ட்டுக்கு ஒருமுறை டிரெய்னைத் திறந்து பார்க்கிற வேலைக்கு ஏஎம்சி வேண்டாம், சென்சார் வேண்டாம். கத்திரி வெயிலில் வேறு கூத்து. டிரைவ் சூடாகி அலாரம் அடித்ததும் பேனல் கதவைத் திறந்து டேபிள் ஃபேனை வைத்துவிடுவார்கள். அன்றைக்கு மிஷின் ஓடும். உள்ளே போன எண்ணெய்ப் புகையும் தூசியும் மழைக்காலத்து ஈரத்தோடு சேர்ந்து கார்டை எரிக்கும்போது யாருக்கும் மே மாதம் நினைவுக்கு வராது. பேனலின் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழற்றித் தட்டியிருந்தாலே ஃபேனுக்கு வேலை வந்திருக்காது.

எங்கே இது தோற்கும்

ஆப்பரேட்டர் வழி தோற்றுப்போகிற இடங்கள் எனக்கு மனப்பாடம். முதலாவது, சம்பளம். மச்சான் பட்டறையில் பீஸ் கணக்கில் இன்சென்டிவ். 15 நிமிடம் துடைத்தால் அவனுடைய பீஸ் குறையும். தன் கையிலிருந்து காசு கொடுத்து ஓனர் மிஷினைத் துடைக்க எவனும் பைத்தியம் இல்லை. அந்த நேரத்துக்கான பீஸைக் கணக்கில் சேர்த்துக் கொடுத்தால் ஒழிய இதை ஆரம்பிக்கவே வேண்டாம்.

இரண்டாவது, செக் ஷீட். 20ஆம் தேதி ஒரு பட்டறைக்குப் போனபோது மிஷினில் தொங்கிய தாளில் 31 வரை டிக் போட்டு வைத்திருந்தார்கள். கேட்டால், "ஆடிட் வருதுன்னு சொன்னாங்க சார்." தாளில் 25 வரி இருந்தால் டிக்தான் வரும். ஆறு வரி, அதுவும் படம் போட்டு, இரண்டு வரியில் எண் எழுதச் சொல்லி இருந்தால் கொஞ்சம் பொய் குறையும். சக் பிரஷர் எவ்வளவு, கூலன்ட்டின் செறிவு ரிஃப்ராக்டோமீட்டரில் எவ்வளவு என்று எண்ணாக எழுத வேண்டுமென்றால் ஒரு முறையாவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

மூன்றாவதுதான் பெரியது. ஆப்பரேட்டர் தானே சரிசெய்யக் கூடியதற்கு வெள்ளை அட்டை, ஃபிட்டர் வர வேண்டியதற்குச் சிவப்பு அட்டை மாட்டுவது வழக்கம். முதல் மாதம் உற்சாகமாக மாட்டுவார்கள். சிவப்பு அட்டைக்கு யாரும் வரவில்லை என்றால், எண்ணெய் பட்டு அந்த அட்டை ரோஸ் கலராக வெளுக்கும் வரை அங்கேயே தொங்கும். அதைப் பார்த்த ஆப்பரேட்டர் இரண்டாவது அட்டை மாட்ட மாட்டான். ஆகவே இந்த வழிக்கு ஃபிட்டர் கட்டாயம் வேண்டும். வெறும் ஆப்பரேட்டர் வழி என்று ஒன்று கிடையாது. ஃபிட்டர் பதில் சொல்ல எத்தனை நாள் என்பதுதான் உண்மையான கேள்வி, அதை எந்தக் கொட்டேஷனிலும் போடுவதில்லை.

நாலாவது, ஆள் தங்குவது. மச்சானிடம் இருக்கிறவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள், கான்ட்ராக்டர் மூலம் வந்தவர்கள். ஹோலிக்குப் போனால் வருவார்களோ மாட்டார்களோ. ஏழு படியும் ஏறி, மிஷினின் உள்ளமைப்பு கற்று, தானே பரிசோதனை செய்கிற நிலைக்கு வர ஒருவருக்கு ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதுவரை இருக்க மாட்டார்கள் என்றால் மூன்றாவது படியோடு நிறுத்திக்கொள்ளலாம். துடை, பார், எண்ணெய் போடு, அட்டை மாட்டு. இது ஒரு வாரத்தில் வரும். ஏழாவது படியை நினைத்துப் போஸ்டர் அடிக்கிற கம்பெனிகளைவிட மூன்றாவதில் ஒழுங்காக நிற்கிறவன் மேல் என்பது என் அபிப்பிராயம். கன்சல்டன்ட்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பவர் பிரஸ்ஸுக்கு மட்டும் நான் கண்டிப்பாகச் சொன்னேன், அங்கே ஆப்பரேட்டர் வழி கடைசியில்தான். மோட்டாரை அணைத்தாலும் ஃப்ளைவீல் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்ச் பிடித்தால் ஸ்லைடு இறங்கிவிடும். ஃப்ளைவீல் நின்று, மெயினில் பூட்டுப் போட்டு, சாவி துடைக்கிறவன் பையில் இருந்து, டைக்கு நடுவே கட்டையும் வைத்த பிறகுதான் துணியே உள்ளே போக வேண்டும். ஓடுகிற மிஷினில் எண்ணெய் போடவோ பெல்ட்டைத் தொடவோ தனியாகப் பயிற்சி பெற்றவர் வேண்டும், அவர் இறுக்கமான உடை போட்டிருக்க வேண்டும் என்று 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவிலேயே எழுதினார்கள். அன்றைக்கே எழுதியிருக்கிறார்கள் என்றால் எத்தனை கை போயிருக்கும்!

எது எவ்வளவு பலன் தந்தது என்று அளக்க ஓஇஇ, அதாவது மிஷினின் மொத்தப் பயன்திறன் கணக்கு உண்டு. மிஷின் கிடைத்த நேரம், ஓடிய வேகம், நல்ல பீஸ் மூன்றையும் பெருக்குவது. 90, 95, 99 என்று மூன்றும் பிரமாதமாக இருந்தாலும் பெருக்கினால் 85 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கும். மச்சான் முதல் நாளே 85 எங்கே என்று கேட்பான் என்று தெரியும், அதனால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவைத்தேன். ஒவ்வொரு மாதமும் அந்தத் துண்டுச் சீட்டுகளைத் திரும்பக் குவி, முதல் குவியல் குறைகிறதா பார், போதும் என்றேன்.

கடைசியில் முடிவானது இப்படி. ஏஎம்சி இரண்டு விஎம்சிக்கும், லேத்தின் கன்ட்ரோலர், டிரைவ்களுக்கும் மட்டும். எத்தனை மணி நேரத்தில் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்த பிறகே கையெழுத்து. ஓய்வுபெற்ற ஃபிட்டர் வேலைக்கு வருகிறார், காலையில் அவர் முதல் வேலை சிவப்பு அட்டைகளைச் சுற்றிப் பார்ப்பது. சென்சார் கம்ப்ரஸருக்கு ஒன்று, அதுவும் அடுத்த வருடம். ஆப்பரேட்டர் வழி பத்து மிஷினிலும் ஒரே நாளில் வேண்டாம், 3ஆம் நம்பர், 4ஆம் நம்பர் லேத் இரண்டில் மட்டும் மூன்று மாதம். அந்த 15 நிமிடத்துக்கு இன்சென்டிவ் குறையாது. மச்சானுக்கு இந்தக் கடைசி வரி மட்டும் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஆரம்பித்த முதல் வாரம் 4ஆம் நம்பர் லேத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. எழுதியது ஒடிசாப் பையன். எழுத்தும் ஒடியா. யாராலும் படிக்க முடியவில்லை. சூப்பர்வைசர் தனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கேட்டார். பையன் பதில் சொல்லாமல் மிஷினுக்குப் பின்னால் போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஹைட்ராலிக் பவர் பேக்கின் அடியிலிருந்து பாதியாக வெட்டிய ஒரு தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தான். கால்வாசி எண்ணெய். பாட்டிலின் பக்கத்தில் மார்க்கர் பேனாவால் நாலு கோடு, ஒரு ஷிஃப்ட்டுக்கு ஒன்று. கோடுகளுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போயிருந்தது. ஃபிட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். அலமாரியில் அந்த சைஸ் இல்லை, பாரிமுனைக்கு ஆள் அனுப்பினோம்.